மாயாவியின் பச்சைக் கை

சிந்துபூந்துறை, திருநெல்வேலி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

லீட்ஸிலிருந்து நீ அனுப்பிய கவர் வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு நல்ல மழை. தபால்காரர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கமும் அட்டை வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு நீ அனுப்பியிருந்ததால் ஒரு மடிப்புகூட விழவில்லை. ராத்திரி போனில் "பிடிச்சிருக்காப்பா?" என்று கேட்டாய். நான் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். உனக்கு அது ஒரு மாதிரி இருந்திருக்கும். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பாப்பா. அதனால்தான் எழுதுகிறேன்.

1964ஆம் வருஷத்து 'வேலியண்ட்'. நான் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்னால் இங்கிலாந்தில் வந்த வாரக் காமிக்ஸ் பத்திரிகை. மேல் ஓரத்தில் பென்சிலில் 27 என்று எழுதியிருக்கிறது, பார்த்தாயா? அங்கே பேப்பர் கடைக்காரர்கள் எந்த வீட்டுக்குப் போட வேண்டும் என்று அப்படிக் குறித்து அனுப்புவார்கள் என்று உனக்கு இதை விற்ற சந்தைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். 27ஆம் நம்பர் வீட்டில் ஒரு பையன் வாசலில் காத்திருந்திருக்கிறான். இப்போது அவருக்கு எழுபது வயதாவது இருக்கும். அவர் படித்த அதே ஆளைத்தான் நானும் படித்தேன். அவருக்கு 'ஸ்டீல் க்ளா', எனக்கு இரும்புக்கை மாயாவி.

உள்ளே இரண்டே பக்கம்தான் அவர் வருகிறார். அந்த இரண்டு பக்கத்தை நான் மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லூயிஸ் கிராண்டெல், ஆராய்ச்சிக்கூடத்து விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை மாட்டிக்கொண்டவர். இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்ந்ததிலிருந்து, கரண்ட்டைத் தொட்டால் உடம்பு முழுக்க மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் தெரியும். முதலில் கெட்ட வழியில் போய், பிறகு நிழற்படை என்ற ரகசிய உளவு அமைப்பில் சேர்ந்து நல்லவர்களுக்காக வேலை செய்தவர். இதெல்லாம் எனக்கு ஒன்பது வயதிலேயே மனப்பாடம். ஆனால் அவர் இங்கிலீஷில் பேசி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். படங்கள் ஒவ்வொன்றும் தெரிந்த படங்கள் மாதிரி இருக்கின்றன. அந்த நிழல் விழுகிற விதம், வெறும் காற்றில் ஒரு கை கதவுப் பிடியைத் திருகுகிற விதம், அதை எங்கே பார்த்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். அந்தப் பெயர் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியும். பார்சிலோனாக்காரர் வரைந்து, லண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, நம் சிந்துபூந்துறைப் படித்துறை வரைக்கும் நடந்து வந்திருக்கிறார் மனுஷன்.

அவரை எனக்குக் காட்டியது மாடி வீட்டு அண்ணன். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவரைப் பார்த்திருக்கிறாய், டவுனில் பைண்டிங் கடை வைத்திருந்தாரே, அவர்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். 1979ல் எனக்கு அம்மை போட்டு வீட்டில் கிடந்தபோது, உள்ளே வராதே என்று தடுத்த ஆச்சியின் பேச்சைக் கேட்காமல் ஜன்னல் வழியாக ஒரு முத்து காமிக்ஸை உள்ளே போட்டார். முத்து காமிக்ஸ் 1972ல் தொடங்கியது, முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். எனக்குக் கிடைத்தது 'பாம்புத் தீவு'. வேப்பிலை வாசனையோடு அதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அண்ணன் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டுபோனார். அன்றைக்குத்தான் எனக்குப் புத்தகம் சேர்க்க வேண்டும் என்ற எண்ணமே வந்தது. படித்தாகிவிட்டது, கதை முழுக்கத் தெரியும், ஆனாலும் அது என் தலைமாட்டில் இருக்க வேண்டும். அந்த ஆசையை உனக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

1984 எங்களுக்குப் பெரிய வருஷம். எனக்குப் பதினாலு வயது. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் அந்த ஒரே வருஷத்தில் வந்தன. லயனைத் தொடங்கிய விஜயன், முத்து காமிக்ஸ் சௌந்தரபாண்டியனின் மகன். அவருக்கே அப்போது இருபது வயது ஆகவில்லை என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நாங்கள் கடிதம் எழுதினால் எங்கள் பாஷை புரிந்து பதில் போட்டாரே, அது அதனால்தான்.

ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய். பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வர அப்பா கொடுத்த பஸ் காசை மிச்சம் பிடித்து, சுலோசன முதலியார் பாலத்தைத் தினமும் நடந்தே கடப்பேன். ஆற்றுக்காற்றில் வேர்வை காய்ந்துவிடும், வீட்டில் யாருக்கும் தெரியாது. புதுப் புத்தகத்துக்கு அந்தக் காசு. பழசுக்கு ஜங்ஷன் பிளாட்பாரக் கடைகள் இருந்தன. அட்டை இருந்தால் ஒரு விலை, அட்டை கிழிந்திருந்தால் பாதி விலை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என்னிடம் இல்லாத நம்பர்களை எழுதி வைத்திருப்பேன். ஒன்று கிடைத்ததும் அடித்துவிடுவேன். அப்புறம் பண்டமாற்று. இரண்டு ராணிக்கு ஒரு லயன். மாயாவி கதையென்றால் மூன்று கேட்பார்கள், கொடுக்கத்தான் வேண்டும்.

ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு) வந்தபிறகு வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. கூரான காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, ஹெலிகார். உலகத்துக் குற்றவாளிகளுக்கெல்லாம் தான்தான் ராஜா என்று கிளம்பியவன். அவனையும் நாங்கள் கொண்டாடினோம். அவன் கதைகளில் நிறைய எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். சூப்பர்மேனைத் தந்த கை நமக்கு ஸ்பைடரையும் எழுதித் தந்திருக்கிறது, யோசித்துப் பார். சட்டித்தலையன் ஆர்ச்சி என்று ஒரு இயந்திர மனிதனும் உண்டு. எனக்கு அவன் மேல் பிரியம்தான், ஆனால் மாயாவிக்கு அடுத்துதான் யாரும். பின்னால் ராணி காமிக்ஸ்காரர்கள் இங்கிலீஷில் 'ஃபேண்டம்' என்கிற வேதாளருக்கு 'மாயாவி' என்று பெயர் வைத்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. இன்றைக்கும் யாராவது மாயாவி என்றால் எந்த மாயாவி என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடருவேன்.

பிளஸ் டூ முடித்த லீவில் எல்லாவற்றையும் பைண்டிங் செய்தோம். ஆறு புத்தகம் ஒரு கட்டு. அண்ணன் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தார். மைதாப் பசை காய்ச்சி, ஊசி நூலால் தைத்து, முதுகுக்குச் சிவப்புக் காலிகோ துணி ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்கப் பாரம் ஏற்றி வைத்து, மறுநாள் ஓரம் வெட்ட வேண்டும். வெட்டும்போது சில பக்கங்களில் நம்பர் போய்விட்டது. இந்தக் காலத்தில் சேர்க்கிறவர்கள் பைண்டிங் செய்த புத்தகத்தைத் தொடமாட்டார்கள், மதிப்புக் குறைவாம். எங்களுக்குப் பைண்டிங்தான் மரியாதை. மொத்தம் இருபத்தி மூன்று கட்டு. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளை மையால் நம்பர். ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, வேப்பிலைச் சருகு போட்டு மூடினேன்.

1992 நவம்பர் வெள்ளத்தைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததைச் சொன்னேன், மொட்டைமாடியில் ராத்திரி நின்றதைச் சொன்னேன். பெட்டியைப் பற்றிச் சொன்னதில்லை. தண்ணீர் ஏறியபோது ஆச்சியைத் தூக்கினேன், சர்ட்டிபிகேட் பையைத் தூக்கினேன், அரிசி டின்னைத் தூக்கினேன். பெட்டிக்கு நாலு பேர் வேண்டும். மூன்றாம் நாள் திறந்தபோது உள்ளே சேறு. கட்டுகள் எல்லாம் ஊறி, உப்பி, ஒன்றோடு ஒன்று பிதுங்கி, பெட்டியிலிருந்து எடுக்கவே வரவில்லை. என் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் மாடிக்கொடியில் துணி காயப்போடுவது மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். தன் கல்யாணப் பட்டுச் சேலை கீழே சேற்றில் கிடக்க, அவள் முதலில் காயப்போட்டது என் புத்தகங்களை. நியூஸ்பிரிண்ட் தாள் காய்ந்தால் அப்பளம் மாதிரி ஆகிவிடும். பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. பிரித்தால் ஒரு பக்கத்துப் படம் அடுத்த பக்கத்தோடு போய்விடுகிறது. ஒரு வாரம் முயன்றோம். அதற்கப்புறம் அம்மாதான் எடுத்துக்கொண்டுபோய் எங்கேயோ போட்டாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஒரே ஒரு கட்டு தப்பியது. ஏழாம் நம்பர். தையல் விட்டுப்போனதென்று அண்ணன் கடைக்கு எடுத்துப் போயிருந்தார். ஆறும் மாயாவி கதைகள், அதில் ஒன்று 'பாம்புத் தீவு'. வெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து, புதுக் காலிகோ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு அஞ்சு வயது. நான் ஆபீஸிலிருந்து வந்தபோது நீ பீரோவைத் திறந்து ஏழாம் நம்பர் கட்டைத் தரையில் விரித்து, ஸ்கெட்ச் பேனாவால் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாய். மாயாவியின் கைக்குப் பச்சை. ஓரம் தாண்டாமல், நாக்கைக் கடித்துக்கொண்டு, அவ்வளவு கவனமாகத் தீட்டினாய். "அப்பா, கைக்கு மட்டும் கலரே இல்ல" என்று சொன்னாய். நான் அடித்துவிட்டேன். முதுகில், இரண்டு அடி. உன்னை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான். நீ அழவில்லை, பேனாவை மூடி டப்பாவில் வைத்தாய். அதற்கப்புறம் அந்தப் பீரோப் பக்கமே நீ போகவில்லை.

2012ல் லயன், முத்து காமிக்ஸெல்லாம் நல்ல தாளில் திரும்பவும் வர ஆரம்பித்தபோது, உனக்கும் சேர்த்து வாங்கி வந்தேன். நீ பரிட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். மேஜையில் வைத்தேன். "அது உங்க புக்குப்பா" என்று சொல்லி, ரொம்ப மரியாதையாக எடுத்து என்னிடமே கொடுத்தாய். உன் பேச்சில் கோபமே இல்லை. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மா எனக்காகக் கொடியில் புத்தகம் காயப்போட்டாள், நான் உன்னிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கினேன். நான் செய்தது தப்பு, பாப்பா. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

போன வருஷம் மதுரையிலிருந்து ஒருத்தர் ஏழாம் நம்பர் கட்டைக் கேட்டு வந்தார். நல்ல மனுஷர், நம்மைப்போலச் சேர்க்கிறவர். பழைய பதிப்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். புரட்டிக்கொண்டே வந்தவர் பச்சைக் கையைப் பார்த்ததும் நிறுத்தி, இந்த ஒரு புத்தகத்தை மட்டும் கட்டிலிருந்து பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் கட்டை வாங்கி மூடி வைத்துவிட்டுக் காபி கொடுத்து அனுப்பினேன். மொத்தம் பதினோரு படத்தில் தீட்டியிருக்கிறாய். பன்னிரண்டாவதில் பாதியில் நிற்கிறது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பச்சை. இப்போது அதைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தப் பக்கம் உன் வேலியண்ட், அந்தப் பக்கம் உன் பச்சைக் கை.

நீ மார்கழி லீவுக்கு வரும்போது ஏழாம் நம்பரை எடுத்துக்கொண்டு போ. லீட்ஸ் குளிரில் பூச்சி வராது என்று நினைக்கிறேன். ஈரம் மட்டும் பார்த்துக்கொள். பெட்டியில் படுக்கை வாட்டில் வை, நிறுத்தி வைத்தால் தையல் தொங்கிவிடும்.

அம்மா முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறாள், தெரிந்தவர் ஒருத்தர் அடுத்த வாரம் லண்டன் போகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறோம். உனக்கு இருமல் நின்றுவிட்டதா?

இன்னொன்று. நீ அனுப்பிய இதழில் மாயாவி ஒரு மின்கம்பியைப் பிடிக்கப் போகிற இடத்தில் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். எங்களுக்கு முழுக்கதையாகவே வந்ததால் இப்படி ஒரு வாரம் காத்திருக்கும் பழக்கமில்லை. சனிக்கிழமை அந்தச் சந்தைப் பக்கம் போனால், அடுத்த வாரத்து இதழ் அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா