சாமியாருக்கு, இரும்பு ஏறிய கதை

அன்புள்ள சாமியாரே,

உன் கடிதம் வந்து நாலு மாதமாகிறது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். எல்லாப் பொருளிலும் எல்லா உயிரிலும் ஒரே தெய்வப்பொருள்தான் ஓடுகிறது என்று ஆறு பக்கம் எழுதியிருந்தாய். நக்கலாக ஒரு பதில் எழுதி வைத்தேன். நல்ல வேளை, அனுப்பவில்லை. அதற்குள் என் வீட்டுக்காரி, இவள், படுத்துவிட்டாள்.

பயப்படாதே, இப்போது தேவலை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வயசாகிறது இல்லையா என்றேன். அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். ரத்தத்தைச் சோதித்தால் ஹீமோகுளோபின், அதுதான் ரத்தத்தில் இரும்பு உள்ள சிவப்புச் சரக்கு, வெறும் 6.4. மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் இரும்பை டிரிப்ஸில் ஏற்றினார்கள்.

நீ பார்த்திருக்கிறாயா? பாட்டிலில் இருப்பது துரு கரைந்த தண்ணீர் மாதிரி கருஞ்சிவப்பாக இருக்கிறது. சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில் இரும்பு, ஜன்னல் கம்பி இரும்பு, இவள் கைக்குள் போவதும் இரும்பு. ஒரு ஆளின் உடம்பு முழுக்கத் திரட்டினால் மூன்று நான்கு கிராம்தான் தேறும். நம் சூரியனால் இரும்பைச் செய்ய முடியாது, அதற்கு அவ்வளவு சூடு போதாது. சூரியனே பிறந்து 460 கோடி வருஷம்தான். அதற்கும் முன்னால் எங்கோ வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களில் செய்த சரக்கு இது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். அதன் இலைப் பச்சையின் மூலக்கூறும் ரத்தச் சிவப்பின் மூலக்கூறும் கிட்டத்தட்ட ஒரே வளையம்தான். இலையில் நடுவில் மக்னீசியம், நமக்கு இரும்பு.

அந்த இடத்தில் உன் குரல் கேட்டதடா. "சொன்னேனா இல்லையா?"

இரு, அவசரப்படாதே. எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூல் இருக்கிறது என்று காட்டிவிட்டு நூலுக்கே கற்பூரம் காட்டுகிறாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. தாடி வாத்தியார் இருந்திருந்தால் ஸ்பினோசா என்ற தத்துவக்காரரை இழுத்து வந்திருப்பார். கடவுள் வேறு, இயற்கை வேறு இல்லை என்பது ஸ்பினோசாவின் கட்சி. 1656இல் ஆம்ஸ்டர்டாம் யூத சமூகம் அவரைத் தள்ளி வைத்தபோது வயது 23. அந்தக் கடவுளைத்தான் நம்புகிறேன் என்று 1929இல் ஐன்ஸ்டீன் சொன்னார், கூடவே மனிதர்களின் தலைவிதியைப் பற்றிக் கவலைப்படும் கடவுளை அல்ல என்றும் சொல்லிவிட்டார். பகலில் அது எனக்கு ரொம்ப நாகரிகமான கடவுளாகத்தான் தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அது பத்தவில்லை. இவள் முகம் சுவர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. நான் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஆமாம், நான்தான். மொட்டையிடம் சொல்லிவைக்காதே, மானம் போய்விடும். சாரத்திடமும் பரம்பொருளிடமும் எவனாவது கெஞ்சுவானா?

நீ சங்கரர் கட்சி, உனக்கு இரண்டாவது ஆளே கிடையாது. எனக்கு அன்றைக்கு ராமானுஜர்தான் கை கொடுத்தார். உலகம் முழுக்க அவனுக்கு உடம்பு, அவன் அதற்கு உயிர். பிரிக்கவும் முடியாது, இரண்டும் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் கூப்பிட ஒரு ஆள் மிஞ்சுகிறான். நம்பிவிட்டேன் என்று சொல்லவில்லை. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு அது பொருந்தியது, அவ்வளவுதான்.

அப்புறம்தான் வேடிக்கை. ரத்தம் ஏன் குறைந்தது என்று தேடினால் கொக்கிப்புழு! ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளமே தேறும் ஜந்து. பாதத் தோல் வழியாக உள்ளே நுழைந்து, ரத்தத்தோடு நுரையீரல் வரை போய், தொண்டை ஏறி, திரும்ப விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து பல் பதித்து உட்கார்ந்துகொள்கிறது. எவ்வளவு வேலை பார். இவள் இரும்பெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது.

இப்போது சொல், உன் தெய்வப்பொருள் அதற்குள்ளும் ஓடுகிறதா? இல்லை என்றால் உன் ஆறு பக்கமும் பொய். ஓடுகிறது என்றால், அதைக் கொல்ல நான் கையில் எடுத்துக் கொடுத்தது என்ன? வாடிய பயிரைப் பார்த்துத் தானும் வாடிய வள்ளலாரை நீ எழுதியிருந்தாய். எனக்கும் அவர் பெரிய ஆள்தான். ஆனால் அந்தப் புழுவுக்காக எனக்கு ஒரு துளிகூட வாடவில்லை. பொருள் ஒன்றேயானால் இரக்கம் மட்டும் ஏன் ஆள் பார்த்து வருகிறது? இதைத்தான் நாலு நாளாகப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். பூ, நதி, பறவை, குழந்தை எல்லாம் வருகிறது. பல்லுள்ள ஒன்றுகூட வரவில்லை.

இவளிடம் கேட்டேன். "புழுவும் சாமின்னா மாத்திரையும் சாமிதானே, ரெண்டும் உள்ளே அடிச்சுக்கட்டும், என்னைத் தூங்க விடுங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். உன்னைவிட இவளுக்குத் தெளிவு அதிகம்.

போன வாரம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.8. மாடி ஏறுகிறாள், பாதியில் நின்று என்னைத் திட்டவும் மூச்சு இருக்கிறது. உன் முட்டிவலி என்ன ஆயிற்று, எழுது. ஆறு பக்கம் வேண்டாம். புழுவுக்கு மட்டும் பதில் சொல்.

உன்
நாத்திகன்