எங்கள் பனையும் ஆபிரிக்கப் பனையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பனை நடுகைச் சுவரொட்டிகளில் ஆபிரிக்கப் பனையின் படம் அடிக்கடி வந்துவிடுகிறது. மரத்தின் நடுவுக்கு மேலே தண்டு பருத்திருந்தால் அது எங்கள் பனை அல்ல. பழமும் காட்டிக்கொடுக்கும்: அதனுடையது செம்மஞ்சள், எங்களது கறுப்பு.

இரண்டும் அடங்கும் பொராசஸ் என்ற பேரினத்தில் ஐந்து இனங்களை ஏற்கிறார்கள். இங்கே நிற்பது 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட பிளபெலிபர். இந்தியா முதல் தென்கிழக்காசியா வரை உண்டு. ஆபிரிக்காவில் மேலே சொன்ன பருத்த தண்டுள்ள ஏத்தியோப்பம், அந்தக் கண்டத்தின் மேற்குப் பகுதியில் 2006இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட அகேயசி, மடகஸ்காரில் ஒன்று. நியூகினி இனமோ மழைக்காட்டு மரம்!

நடுகைக்கு வருவோம். சின்னப் பொலித்தீன் பையில் கொட்டையை முளைக்கவைத்துக் கொடுப்பது வீண்வேலை. முளை முதலில் நேரே கீழே இறங்கும். அதன் நுனியிலிருந்துதான் கிழங்கும் குருத்தும் உருவாகும். பையின் அடியில் முட்டினால் வளையும், எடுத்து நடும்போது முறியும். பாத்தி கிழங்குக்குச் சரி, தோப்புக்குச் சரிவராது. மாரிக்கு முன்னரே 10 அடி இடைவெளியில் கொட்டையை நேரே நிலத்தில் புதையுங்கள்.

ஆணா பெண்ணா என்பது பாளை வரும்வரை தெரியாது, அதற்குப் 12, 15 வருடமாகும். 'பெண் விதை' என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வடமராட்சி