சனிக்கிழமைப் பயிற்சி: போதகர்களுக்கும் சபை ஊழியர்களுக்கும்

அன்பான போதகர் ஐயாமாருக்கும் சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

மனநலமும் மேய்ப்புப் பணி ஒழுக்கமும் பற்றிய பயிற்சி வரும் சனி காலை 9 மணிக்குக் கொட்டாஞ்சேனை சபை மண்டபத்தில் ஆரம்பமாகும்.

முதலில் உபவாசத்தைப் பற்றிப் பேசுவோம். மனநோய்க்கு லித்தியம் மாத்திரை எடுப்பவர் தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருந்தால், மருந்து இரத்தத்தில் கூடி நஞ்சாகலாம். நாம் நல்ல மனதோடு சொல்வதே உயிருக்கு ஆபத்தாகிவிடும். "விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு" என்று எந்த மேடையிலும் சொல்ல வேண்டாம், தயவுசெய்து. ஜெபமும் மருந்தும் சேர்ந்தே போகட்டும்.

மனம் உடைந்து வருபவரிடம், சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. தற்கொலை முயற்சி 1998 முதல் நம் இலங்கையில் குற்றமில்லை. பொலிஸுக்குப் பயந்து வீட்டுக்குள் மறைக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926.

ஒருவர் நம்மிடம் தனியே அழுது சொன்னதை ஜெபக் குறிப்பாக இந்தக் குழுவில் போடுவது எனக்கு மிகவும் வருத்தம். பெயரை மறைத்தாலும் சபையார் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் பிள்ளைக்குத் துன்புறுத்தல் என்றால் இரகசியம் காக்கக்கூடாது: சிறுவர் உதவி இலக்கம் 1929க்குச் சொல்லுங்கள்.

போதகரம்மாமாரும் கட்டாயம் வாருங்கள். பெண்கள் முதலில் உங்களிடம்தான் வருகிறார்கள். மதியச் சாப்பாடு உண்டு. வருபவர்கள் வியாழனுக்குள் பெயர் தாருங்கள்.