காலை ஐந்தரை மணிப் பட்டியலுக்கு நன்றி

ஆய்வுக் கட்டுரைகளை அச்சாகும் முன்பே யாரும் இலவசமாகப் படிக்க இணையத்தில் வைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தை நடத்துகிறவர்களுக்கும் அதற்குத் தோள் கொடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

தென்காசி பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து, போன மே மாதம் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் சால்வை போட்ட எல்லோருக்கும் நன்றி சொன்னேன். உங்களைச் சொல்ல விட்டுப்போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் நூலகத்தில் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுகூடக் கிடையாது. கட்டுரை வேண்டுமென்றால் எழுதியவருக்கே கார்டு போடுவோம். மனமிருந்தால் அவர் ஒரு பிரதி அனுப்புவார். அது கப்பலேறி வந்து சேர மாதக்கணக்காகும். இல்லையென்றால் ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போய், தரமணியில் மேட்சயின்ஸ் என்று நாங்கள் சொல்லும் கணித அறிவியல் நிறுவனத்தின் நூலகத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மறுநாள் ராத்திரி திரும்ப வேண்டும். பெரிய இடங்களுக்கோ அச்சாகும் முன்பே தபாலில் கைப்பிரதி போய்விடும். நாங்கள் படிக்கும்போது விஷயம் பழங்கஞ்சி.

ஜோவான் கோன் என்ற இயற்பியலாளர் தனக்கு வந்த கட்டுரைகளை மின்னஞ்சலில் பலருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த வேலையைக் கணினியே செய்யட்டும் என்று நிரல் எழுதியவர், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த பால் கின்ஸ்பார்க். அதுதான் ஆர்க்கைவ்; 1991 ஆகஸ்ட் 14-இல் தொடங்கியது. வருஷத்துக்கு நூறு கட்டுரை வரும் என்பது அவர் போட்ட கணக்கு. 2022-இன் தொடக்கத்தில் மொத்தம் 20 லட்சத்தைத் தொட்டுவிட்டது!

இந்தியாவிலிருந்து எளிதாகத் திறக்க, மேட்சயின்ஸ்காரர்கள் தங்கள் கணினியிலேயே அதன் நகலை வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. என்ன, அந்த முகவரி மூன்று எக்ஸில் ஆரம்பிக்கும். பிரவுசிங் சென்டரில் முதன்முதலில் அதைத் தட்டியபோது கடைத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். திரை முழுக்கச் சமன்பாடுகள் வந்த பிறகுதான் அவன் முகம் தெளிந்தது.

அமெரிக்காவில் இரவு 8 மணிக்கு வரும் புதுக் கட்டுரைகளின் பட்டியல் கோடையில் நமக்குக் காலை ஐந்தரைக்கு வரும். பால்காரர் மணியடிக்கும் நேரம். பிரின்ஸ்டன்காரர் பார்க்கும் அதே நிமிஷத்தில் நானும் பார்க்கிறேன். இருபது வருஷமாக என் முதல் காபி அதோடுதான்.

சில வருஷங்களுக்கு முன் என் மாணவி தன் முதல் பேப்பரைப் போட முயன்றாள். புதியவர்களுக்கு, அந்தப் பிரிவில் ஏற்கெனவே எழுதியவர் யாராவது பரிந்துரைக்க வேண்டும். அது என் பிரிவு இல்லை. முன்பின் தெரியாத பேராசிரியர் ஒருவருக்கு, தளம் கொடுத்த குறியீட்டை வைத்து எழுதினாள். இரண்டாம் நாள் பதில் வந்தது: "நான்காம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. திருத்தி அனுப்புங்கள், பரிந்துரைக்கிறேன்." நானும் மூன்று முறை படித்திருந்தேன், என் கண்ணில் படவில்லை. ஐயா, உங்களுக்கு நன்றி.

ஒரு திங்கள் காலை பட்டியலில் அவள் பெயர் வந்தது. சலூன் வைத்திருக்கும் அவள் அப்பாவிடம் போனில் காட்டினேன்.

"இதுக்கு எவ்வளவு கட்டணும் சார்?"

"ஒண்ணும் இல்லைங்க. படிக்கிறவங்களும் கட்ட வேண்டாம்."

"அப்ப யாரு சார் காசு போடுறா?"

2001-இல் அதை ஏற்றுக்கொண்ட கார்னெல் பல்கலைக்கழகம், நிதி தரும் சைமன்ஸ் அறக்கட்டளை, சந்தா கட்டும் நூலகங்கள், சம்பளமில்லாமல் தினமும் கட்டுரைகளைப் பிரித்துப் பார்க்கும் துறை வல்லுநர்கள் என்று வரிசையாகச் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டுடுங்க சார்" என்றார்.

போட்டுவிட்டேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தென்காசி