செயலாளரின் ஆண்டறிக்கை: புதியவர்களும் நம் மாற்று மேசையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சட்டையில் குத்திக்கொள்ளும் உலோகச் சின்னங்களான பின்களைச் சேகரித்து, பொதுக்குழுவுக்கும் வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். காட்சிப் பலகைகளுக்குப் புது கார்க் போட்டிருக்கிறோம். பழையது உதிர்ந்துபோய், குத்திய பின்கள் கழன்று விழுந்துகொண்டிருந்தன. நூலகப் பிரிவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, புத்தகங்களைத் திருப்பித் தராதவர்கள் தந்துவிட்டால் நல்லது.

சரி, செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு புதியவர்கள் நிறையவே சேர்ந்தார்கள். ஆனால் அவர்களில் பலரை மூன்று நான்கு கூட்டங்களுக்கு மேல் பார்க்க முடியவில்லை. காரணம் கேட்டு வரும்படி செயற்குழு என்னிடம் சொன்னது. ஆர்வம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மாற்று மேசையில் தன் பின்னைக் கொடுத்து மாற்றி வாங்கியது போலி என்று பிறகு தெரிந்ததாக ஒருவர் சொன்னார். தபாலில் அனுப்பியதற்குப் பதில் பின் வரவே இல்லை என்றார் இன்னொருவர். அரிய பின்னைக் கொடுத்துவிட்டு, எங்கும் கிடைப்பதை வாங்கியிருக்கிறார் என்று மேசையில் இருந்தவர்கள் சிரித்ததாக மூன்றாமவர் சொன்னார். பின் போனதுகூடப் பரவாயில்லையாம், அந்தச் சிரிப்புக்குப் பிறகு வர மனமில்லையாம்.

போலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதியவர்கள் அதிகம் அடிபடுவது டிஸ்னி பின்களில்தான். 1999-இல் புத்தாயிரம் கொண்டாட்டத்தை ஒட்டி அமெரிக்காவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு பூங்காவில் பின் மாற்று தொடங்கியது. கழுத்தில் தொங்கும் பட்டையில் பின் குத்தியிருக்கும் பூங்கா ஊழியரிடம் நம் பின்னைக் கொடுத்து அவருடையதில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், பணம் கை மாறக்கூடாது. எந்த டிஸ்னி பின்னைக் கொடுத்தாலும் மாற்றிக்கொள்ளலாம் என்றானதும், மலிவான பின்னுக்குத் தேவை கிளம்பிவிட்டது. தரப் பரிசோதனையில் கழிக்கப்பட்டவை, ஆர்டருக்கு மேல் அடிக்கப்பட்டவை, அச்சைப் பார்த்து நகலெடுத்தவை எல்லாம் மொத்த மூட்டைகளாக விற்பனைக்கு வந்தன. இவற்றை ஒட்டுமொத்தமாக ஸ்கிராப்பர் என்கிறோம். புதியவர் செய்யும் முதல் காரியமே மாற்றுவதற்குக் கையில் சரக்கு வேண்டும் என்று இப்படி ஒரு மூட்டை வாங்குவதுதான். அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. ஆனால் அதை எடுத்துக்கொண்டு நம் மேசைக்கு வந்ததும் அவரை ஏமாற்றுக்காரர்போல் பார்க்கிறோம்.

மூத்தவர்கள் "பார்த்தாலே தெரியும்" என்கிறார்கள். யாருக்குத் தெரியும்? கண் பழகியவருக்குத் தெரியும். புதியவருக்குச் சொல்லித்தர வேண்டியது எதைப் பார்ப்பது என்பதை. ஓரங்களில் உலோகம் கரடாக இருக்கிறதா, வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறதா, குழி விழுந்திருக்கிறதா, அசல் படத்தோடு ஒப்பிட்டால் நிறம் மாறியிருக்கிறதா, எடை குறைவாகத் தெரிகிறதா என்று பார்க்கலாம். டிஸ்னி பின்களின் முதுகில் மிக்கி தலை வடிவம் வரிசையாக வரும். அசலில் அது பெரும்பாலும் விளிம்புவரை ஓடி வெட்டுப்படும், போலிகள் பலவற்றில் விளிம்பை ஒட்டி ஒரு கரை தெரியும். ஆனால் இதை மட்டும் நம்ப முடியாது. பழைய அசல்களில் அந்த வடிவமே இல்லை. போலி செய்கிறவர்களும் இந்தக் குறிப்பைப் படித்துத் திருத்திக்கொள்கிறார்கள். ஒரு அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், நாலைந்தைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

இதற்கு நேரெதிரான தவறும் நடந்தது. நல்ல பின் ஒன்றைப் போலி என்று ஒதுக்கிவிட்டார்கள். சாஃப்ட் எனாமல் பின்னில் வண்ணம் உலோகக் கோடுகளைவிடத் தாழ்ந்துதான் இருக்கும், விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரியும். ஹார்டு எனாமலில் வண்ணத்தையும் உலோகத்தையும் ஒரே மட்டமாகத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். இரண்டும் இரண்டு வேலைப்பாடு, ஒன்று நல்லது ஒன்று போலி என்பதில்லை. இந்த வேறுபாட்டைக் காட்ட இரண்டு வகையிலும் மாதிரிகளை மேசையில் வைத்திருக்கிறோம்.

ரசிகர்கள் தாமே வரைந்து அடிக்கும் பின்கள் தனி விவகாரம். அவை எதன் நகலும் இல்லை, பல அழகாகவே இருக்கின்றன, ஆனால் உரிமம் பெற்றவை இல்லை. அதிகாரபூர்வமான பின்னுக்கு மாற்றாக ஒன்றைக் கொடுக்கும்போது அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். பிடித்திருந்தால் அவரே வாங்கிக்கொள்வார்.

அடுத்தது மதிப்பு. இங்கே விலைப்பட்டியல் கிடையாது, புதியவருக்கு அதுதான் பெரிய குழப்பம். பழையது என்றால் அரியது என்று நினைத்துக்கொள்கிறார். சோவியத் காலத்து அலுமினியப் பின்களை எடுத்துக்கொள்ளுங்கள். பல வகைகள் மலைமலையாக அடிக்கப்பட்டவை, வயதுக்காக மட்டும் யாரும் தேடுவதில்லை. லிமிடெட் எடிஷன் என்று முதுகில் பொறித்திருந்தால் அரியது என்று நினைக்கிறார். எண்ணிக்கை எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அதைவிட அந்தப் பாத்திரத்தையோ நிகழ்வையோ தேடுகிறவர்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். குறைவாக அடிக்கப்பட்டு யாருக்கும் வேண்டாத பின்கள் என்னிடமே ஒரு பெட்டி இருக்கின்றன, வேண்டுமென்பவர் சொல்லலாம்.

ஒலிம்பிக் பின்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1896 ஏதென்ஸ் போட்டியில் வீரர்களையும் நடுவர்களையும் அடையாளம் காட்டிய அட்டை வட்டங்களில் தொடங்கியதாகச் சொல்லப்படும் பழக்கம் இது. 1988-இல் கனடாவின் கால்கரியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் கோகோ கோலா பின் மாற்று மையம் திறந்தது, பொதுமக்களும் கூட்டமாக வந்தார்கள். ஒரே போட்டியை ஒட்டி விளம்பரதாரர் பின், ஊடகப் பின், நாடுகளின் ஒலிம்பிக் குழுப் பின் என்று எத்தனையோ வரும். சிறிய குழுவோடு வரும் நாட்டின் பின் கொஞ்சமாகவே கைக்குக் கை போகும், அதனால் தேடப்படும். புதியவர் பெரிதாக, பளபளப்பாக இருக்கும் விளம்பரதாரர் பின்னை வாங்கிக்கொண்டு சின்ன நாட்டுப் பின்னைக் கொடுத்துவிடுகிறார். தெரிந்து, பிடித்துக் கொடுத்தால் அது அவர் இஷ்டம். தெரியாமல் கொடுக்கிறார் என்பது எதிரே இருப்பவருக்குத் தெரியும். அவர் சும்மா இருப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை.

செயற்குழுவில் இதை வைத்துக் காரசாரமாகப் பேச்சு நடந்தது. "நாங்களும் அடிபட்டுத்தான் கற்றோம்" என்றார்கள் சிலர். அடிபட்டுக் கற்றவர்கள்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அடிபட்டுப் போய்விட்டவர்கள் வாக்களிக்க வரவில்லை என்று பதில் சொன்னேன். முடிவில் தீர்மானம் நிறைவேறியது. சேர்ந்து ஓராண்டு ஆகாத உறுப்பினரோடு மாற்றும்போது, மதிப்பில் பெரிய வேறுபாடு இருப்பது தெரிந்தால், தெரிந்தவர் மாற்றுக்கு முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் அவர் சம்மதித்தால் மாற்று செல்லும். சிறுவர்களோடு மாற்றும்போது பெற்றோரோ வேறொரு பெரியவரோ பக்கத்தில் இருக்க வேண்டும், இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் திருப்பிக்கொள்ளலாம் என்ற யோசனை மட்டும் தோற்றது. போலி என்று உறுதியானால் திருப்பலாம் என்ற அளவில் ஏற்கப்பட்டது. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

புதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்னைத் திருப்பி முதுகைப் பார்க்கத் தயங்காதீர்கள். தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, மாற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். ஆனால் பலகையிலிருந்து நீங்களாகக் கழற்றாதீர்கள், உரியவரைக் கேளுங்கள். எனாமல் மேல் விரல் படாமல் ஓரத்தைப் பிடியுங்கள். "இது மாற்றுக்கு இல்லை" என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். அதேபோல் நீங்களும் வேண்டாம் என்று சொல்லலாம். அவசரப்படுத்துகிறவரிடம் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிப் பழகுங்கள், நல்ல மாற்று ஒரு வாரத்தில் கெட்டுப்போகாது.

தபால் மாற்றில்தான் புகார்கள் அதிகம். மாற்றிய அனுபவம் குறைந்தவரே முதலில் அனுப்ப வேண்டும் என்பது பொதுவான வழக்கம். இதில் இழப்பு முழுவதும் புதியவர் தலையில்தான் விழுகிறது. இனி நம் உறுப்பினர்களுக்குள் இருவரும் ஒரே நாளில் அனுப்பி, கண்காணிப்பு எண்ணைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். முன்பக்கம், முதுகு இரண்டுக்கும் படம் அனுப்பிய பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் இருவரும் சங்கத்துக்கு அனுப்பலாம், சரிபார்த்து நாங்கள் அனுப்பிவைப்போம். இந்த வேலையைப் பொறுப்பாக எடுத்துச் செய்ய ஒருவர் வேண்டும், பெயர் கொடுங்கள்.

கட்டுவதையும் சொல்லிவிடுகிறேன், உடைந்து வந்த பின்னை வைத்து நடந்த சண்டைகள் எனக்குத்தான் வருகின்றன. சாதாரண உறையில் போட்டால் ஊசி உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தடித்த அட்டையில் குத்தி, ஊசி முனையைப் பிடித்துக்கொள்ளும் கிளட்சை மாட்டி, குமிழித் தாளில் சுற்றி, சின்னப் பெட்டியில் வையுங்கள். இரண்டு பின்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, உலோகக் கிளட்ச் பக்கத்துப் பின்னின் மெருகைக் கீறிவிடும். வீட்டில் வைக்கும்போதும் மலிவான பிவிசி உறைகளைத் தவிர்த்துவிடுங்கள், நாளாக ஆகப் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும்.

வரும் ஆண்டில் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் அரை மணி நேரம் புதியவர் மேசைக்கு. உருப்பெருக்கிக் கண்ணாடியும் சின்னத் தராசும் அங்கே இருக்கும். அதற்காகப் போலிப் பின்கள் கொஞ்சம் தேவை. யாரிடமாவது இருந்தால் கொடுத்துவிடுங்கள், எப்படி வந்தது என்று யாரும் கேட்கமாட்டோம். அவற்றின் முதுகில் அழியாத மையால் குறிவைத்த பிறகே மேசைக்கு வரும், மறுபடி மாற்றுக்குப் போய்விடக்கூடாது.

பலகை வேலையைச் செய்து முடித்த உறுப்பினர்களுக்கும், கூட்டங்களுக்கு இடம் ஒழுங்குசெய்தவர்களுக்கும், தீர்மானத்தை எதிர்த்துப் பேசிவிட்டு அடுத்த கூட்டத்திலேயே புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த மூத்த உறுப்பினருக்கும் நன்றி.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்