‘இங்கிலாந்து மன்னர்’ என்று எழுதும் ஆசிரியர்களுக்கு எடின்பரோவிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவு ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாக ஸ்காட்லாந்தின் தலைநகரில் குடியிருந்துகொண்டு, காலையில் தேநீரோடு உங்கள் இதழ்களைக் கைப்பேசியில் புரட்டும் வாசகன் நான். 2022 செப்டம்பரில் மகாராணி இரண்டாம் எலிசபெத் மறைந்த சில நாள்களில், ஊரிலிருந்து என் பெரியப்பா ஒரு நாளிதழின் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ‘இங்கிலாந்து ராணிக்கு மக்கள் கண்ணீர் அஞ்சலி’ என்பது தலைப்பு. படமோ எடின்பரோவின் ராயல் மைல் வீதியில் எடுக்கப்பட்டது. சவப்பெட்டியின் மேல் போர்த்தியிருந்த அரச கொடியில் ஸ்காட்லாந்தின் செஞ்சிங்கம் இரண்டு கட்டங்களில் நிமிர்ந்து நிற்க, இங்கிலாந்தின் மூன்று சிங்கங்கள் ஒரே கட்டத்துக்குள் ஒடுங்கியிருந்தன. ஸ்காட்லாந்துக்கென்றே வகுக்கப்பட்ட வடிவம் அது. அவர் உயிர் நீத்ததும் ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில்தான்.

பிரிட்டன் என்றாலும் இங்கிலாந்து என்றாலும் ஒன்றுதானே என்று நீங்கள் கேட்கலாம். நம் ஊரில் நெடுங்காலமாக எல்லாமே ‘சீமை’யாக இருந்தது, அந்தப் பழக்கம் எளிதில் விடாது. ஆனால் இங்கிலாந்து பிரிட்டனின் ஒரு பகுதி மட்டுமே, ஸ்காட்லாந்து அதில் இன்னொரு பகுதி. ‘இங்கிலாந்து’ என்ற அந்த ஒரு சொல்லால் இரண்டு செய்திகள் உங்கள் வாசகர்களைச் சேராமலே போகின்றன. இங்குள்ளவர்களில் பலர் அரச முடியைத் தங்கள் சொந்த முடியாகவே கருதுகிறார்கள் என்பது ஒன்று. அது வேண்டாம் என்று சொல்பவர்களின் விகிதம் இங்கே இங்கிலாந்தைவிட அதிகம் என்பது மற்றொன்று.

1603இல் இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் வாரிசின்றி இறந்தபோது, அந்த அரியணையில் போய் அமர்ந்தவர் ஸ்காட்லாந்தின் மன்னர் ஆறாம் ஜேம்ஸ். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு லண்டனுக்குப் போனவர், அதன்பின் 1617இல் ஒரே ஒரு முறைதான் வந்தார். (தேர்தல் வாக்குறுதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை.) இரு நாடாளுமன்றங்களும் இணைந்து ஒரே அரசானது அதற்கு 104 ஆண்டுகள் கழித்து, 1707இல்தான், ‘இங்கிலாந்து மன்னர்’ என்ற பதவியும் அந்த ஆண்டோடு முடிந்துவிட்டது. முடி முதலில் இணைந்தது, ஆட்சி பிறகுதான் இணைந்தது என்ற இந்த வரிசை தெரியாவிட்டால், 2014ஆம் ஆண்டுச் சுதந்திர வாக்கெடுப்புக்கு முன் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தனி நாடானாலும் இரண்டாம் எலிசபெத்தே நாட்டின் தலைவராக நீடிப்பார் என்று ஏன் சொன்னது என்பது விளங்காது.

என் தெருமுனையில் ஒரு சிவப்பு அஞ்சல் பெட்டி இருக்கிறது. இங்கிலாந்தில் அதே காலத்துப் பெட்டிகளில் எலிசபெத்தின் பெயரெழுத்தும் ‘இரண்டு’ என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். இதில் ஸ்காட்லாந்து மணிமுடியின் உருவம் மட்டுமே உண்டு. ஸ்காட்லாந்தை முதலாம் எலிசபெத் என்று ஒருவர் ஆண்டதே இல்லை, பிறகு இரண்டாமவர் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வி 1952இல் இங்கே கொதித்தெழுந்தது. எடின்பரோவின் இஞ்ச் குடியிருப்பில் அந்த எண்ணோடு நிறுவப்பட்ட பெட்டியை 1953 பிப்ரவரியில் யாரோ வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த எண்ணை எதிர்த்து வழக்கும் நடந்து தோற்றது. ஆனாலும் அதன்பின் இங்கே வைக்கப்பட்ட பெட்டிகளில் அந்த எண் இடம்பெறவில்லை. அவர்கள் மறுத்தது அரசியை அல்ல, லண்டன் கணக்கில் போட்ட எண்ணைத்தான்.

சடங்குகளிலும் இதே கூருணர்வைப் பார்க்கலாம். 1953 ஜூனில், முடிசூட்டு விழா முடிந்த சில வாரங்களில் எலிசபெத் எடின்பரோவின் புனித ஜைல்ஸ் பேராலயத்துக்கு வந்தார். ஸ்காட்லாந்தின் மணிமுடி, செங்கோல், வாள் ஆகியவை அவர்முன் ஏந்தி வரப்பட்டன. அரசியோ சாதாரணப் பகல்நேர உடையில், கையில் கைப்பையோடு வந்து நின்றார். லண்டனுக்குப் பட்டாடை, நமக்குக் கைப்பையா என்று இங்கே முணுமுணுத்தார்கள். அந்தக் காட்சியை வரைந்த ஓவியர் கைப்பையை வரையாமலே விட்டுவிட்டார். அதே பேராலயத்தில் 2023 ஜூலை 5 அன்று மூன்றாம் சார்லஸ் அம்மூன்று சின்னங்களையும் ஏற்றபோது எதுவும் அப்படி விட்டுப்போகவில்லை. 1507இல் போப்பாண்டவர் அனுப்பிய வாள் நலிந்துவிட்டதால் புதிய வாள் செய்திருந்தார்கள், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் திருப்பாடல் ஒலித்தது, 1296இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டு கவர்ந்துபோய் 1996இல்தான் திரும்பி வந்த, ஸ்காட்லாந்து மன்னர்களின் முடிசூட்டுக் கல்லான ‘விதிக்கல்’லும் அங்கே இருந்தது. மணிமுடியை அவர் தலையில் சூடவில்லை, தொட்டு ஏற்றார். ‘என் மன்னர் அல்ல’ என்ற முழக்கம் வெளியே வீதியிலிருந்து பேராலயத்துக்குள்ளும் கேட்டது.

அந்த முழக்கத்தைச் சிறு கும்பலின் கூச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022இல் ‘பிரிட்டிஷ் ஃப்யூச்சர்’ என்ற ஆய்வமைப்பு நடத்திய கருத்துக்கணிப்பில், முடியாட்சி தொடர வேண்டும் என்றவர்கள் ஸ்காட்லாந்தில் 45 சதவீதம். எலிசபெத்தின் காலத்தோடு குடியரசாகலாம் என்றவர்கள் 36 சதவீதம். பிரிட்டன் முழுமைக்குமான ஆதரவு 60 சதவீதத்தை நெருங்கியிருந்தது. அவர் இறந்த அடுத்த வாரம், ஒரே இரவில், கிளாஸ்கோவின் இரு கால்பந்து அணிகளில் ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் அரங்கம் நிறைய அவர் உருவத்தை விரித்து அரச கீதம் பாடினார்கள். செல்டிக் ரசிகர்கள் போலந்தில் நடந்த தங்கள் அணியின் ஆட்டத்தில் முடியை வசைபாடும் பதாகையைப் பிடித்தார்கள். எடின்பரோவில் புதிய மன்னரை அறிவித்த அன்று, எதிர்ப்புப் பதாகை ஏந்தி நின்ற பெண் ஒருவர் கைது செய்யப்பட்டார். என் கணிப்பில், அந்த வாரம் இங்கே அரச குடும்பத்தின் மதிப்பை மிகுதியாகக் குறைத்தது அந்தக் கைதுதான்.

ஆனால் அதே வாரம் பேராலயத்தில் அஞ்சலி செலுத்தக் கூடியவர்கள் சுமார் 33,000 பேர். கைப்பட்டை வாங்கிக்கொண்டு, மெடோஸ் பூங்காவரை நீண்ட வரிசையில் நள்ளிரவுக் குளிரில் நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற முதியவரின் மேலங்கியில் 2014 வாக்கெடுப்பின் ‘ஆம்’ சின்னம் குத்தியிருந்தது. உள்ளே நுழையுமுன் தொப்பியைக் கழற்றினார், சின்னத்தைக் கழற்றவில்லை.

‘வெறும் அலங்காரப் பதவி’ என்று நீங்கள் வழக்கமாக எழுதும் வரியையும் சற்றே மறுபரிசீலனை செய்யுங்கள். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சட்ட முன்வரைவு அரச உரிமைகளையோ மன்னரின் தனிச் சொத்துகளையோ தொடுமானால், அரண்மனையின் இசைவு முன்கூட்டியே தேவை. குறைந்தது 67 முன்வரைவுகள் அவ்வாறு எலிசபெத்தின் பார்வைக்குப் போயிருந்ததை ‘கார்டியன்’ நாளிதழ் 2021இல் வெளிப்படுத்தியது. வெந்நீர்க் குழாய்களின் மூலம் வீடுகளுக்கு வெப்பம் தரும் திட்டங்களுக்கான சட்டத்தில், கட்டாய நில எடுப்பிலிருந்து அவருடைய தனிப்பட்ட நிலங்களுக்கு விலக்கும் கிடைத்திருந்தது.

நான் கேட்பது பெரிய மாற்றமல்ல. ‘பிரிட்டிஷ் மன்னர்’ என்று எழுதுங்கள். இளவரசர் வில்லியம் இங்கே வரும்போது அவர் ரோத்சே கோமகன், ‘வேல்ஸ் இளவரசர்’ அல்ல, அதையும் கவனியுங்கள். கோடையில் மன்னர் ஹோலிரூட் அரண்மனைக்கு வந்து தங்கும் வாரத்தில், எடின்பரோவின் நகரத் தலைவர் சிவப்பு மெத்தையில் நகரின் சாவிகளை வைத்து நீட்டுவார். மன்னர் தொட்டுப் பார்த்து, இவை உங்கள் கையிலேயே இருக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அடுத்த முறை அந்தப் படம் உங்கள் மேசைக்கு வரும்போது, அதன் கீழே ‘இங்கிலாந்து’ என்று எழுதாமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
எடின்பரோவிலிருந்து உங்கள் நெடுநாள் வாசகன்