சீசன் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு பாப்பா

பாப்பா,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல, அண்ணன் வீடு மாத்துற விஷயம் இழுத்துக்கிட்டே போகுது, அதெல்லாம் அப்புறம். டீமுக்கு மார்க்கெட்டிங் பாக்கிற வேல, சீசன் முடியட்டும்ப்பா, நானே கூப்பிடறேன்னு சொன்ன. முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. நான் ஒண்ணும் கேக்கல. நேரத்துக்குத் தூங்கு.

அலமாரிய ஒழிக்கும்போது உன் காலேஜ் மார்க்கெட்டிங் நோட்டு கிடைச்சுது, ரெண்டு நாளா கண்ணாடிய மாட்டிக்கிட்டு அதைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். முதல் பக்கத்துலயே சிவப்பு மையில கோடு போட்டு வெச்சிருக்க, ரிசல்ட் நம்ம கையில இல்லன்னு. சோப்பு விக்கிறவனுக்கு நாளைக்கு வர்ற சோப்பும் இதே மாதிரிதான் இருக்கும்னு தெரியும், மேட்ச் விக்கிறவனுக்கு அந்த நிம்மதி கிடையாது. அதனால ஜெயிப்போம்னு மட்டும் விளம்பரம் போடாத. வர்றவன் அந்த சாயந்திரத்த எப்படிக் கழிப்பான், எங்க உக்காருவான், வண்டிய எங்க நிறுத்துவான், பக்கத்துல யார் கூட சேர்ந்து கத்துவான், அதை வித்துடு, அது உன் கையில இருக்கு. உங்க டீம் கடைசி இடம் வந்ததுக்கு நீ என்ன பண்ணுவ, பந்தையா நீ போட்ட?

விக்காத சீட்டு பத்தி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்க. அதுக்கு நீ காலேஜ் போயிருக்கவே வேணாம், என் தியேட்டர் டிக்கெட் கவுண்டர்லயே படிச்சிருக்கலாம். ஏழு வயசுல மேஜைக்குக் கீழ உக்காந்து அடிக்கட்டையெல்லாம் எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் குடுப்பியே. திரை தூக்கின நிமிஷம் விக்காம கிடக்கிற டிக்கெட் வெறும் காகிதம், நாளைக்கு எடுத்து விக்க முடியாது. அதுக்காக ஃப்ரீ பாஸ வாரி விடாத பாப்பா. பாஸ் வாங்கினவன்ல பாதிப்பேர் வரமாட்டான், வந்தவன் இடைவேளையில எழுந்து போவான், காசு குடுத்து வந்தவன் பக்கத்து சீட்டுக்காரன் சும்மா வந்தான்னு தெரிஞ்சா அடுத்த தடவ அவனும் பாஸுக்குத்தான் நிப்பான். வருஷத்துக்கு ரெண்டு மேட்ச் வர்றவன நாலு மேட்சுக்கு வரவைக்கிறதுதான் புது ஆளத் தேடி அலையிறத விட சுலபம்னு நீயே எழுதியிருக்க, அது நூத்துக்கு நூறு உண்மை. எனக்குத் திரும்பத் திரும்ப வந்த அந்த மூணாவது வரிசைக்காரங்கதான் சோறு போட்டாங்க, உனக்குத் தெரியும்.

உங்க டீம் ஜெர்சியில நெஞ்சுல இருந்த ஸ்பான்சர் பேரு கடைசி ரெண்டு மேட்ச்ல இல்ல. டிவில பாத்தேன். நான் கேக்கல. ஆனா ஒண்ணு சொல்றேன், நோட்டுல இருக்கிறதுதான். 1976ல மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸுக்கு 600க்கு மேல ஸ்பான்சருங்க, கூட்டத்துல யாரு பேரும் தெரியல, அந்த ஊர் கடன அடைக்க 30 வருஷம் ஆச்சு. 1984ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஒலிம்பிக்ஸ நடத்தின பீட்டர் யூபெரோத் என்ன பண்ணாரு, ஒரு பொருளுக்கு ஒரே கம்பெனிதான்னு கதவச் சாத்திட்டு முப்பது சொச்சம் பேருக்குத்தான் குடுத்தாரு, முடிவுல 20 கோடி டாலருக்கு மேல மிச்சம். அதுல கேமரா ஃபிலிம் விக்கிற கோடாக் அவ்ளோ பணமான்னு தயங்கிச்சு, அதோட போட்டிக் கம்பெனி ஃபியூஜி வந்து அந்த இடத்த எடுத்துக்கிச்சு, அப்புறம் கோடாக் விட்டத பிடிக்க டிவி ஒளிபரப்புக்கு ஸ்பான்சர் பண்ணிக்கிட்டு பின்வாசல் வழியா நுழைஞ்சுது. அதனால ஒருத்தன் போயிட்டான்னா உக்காந்து அழாத, போனவனோட போட்டிக்காரன் யாருன்னு பாத்து அவன் வாசல்ல போய் நில்லு. பேர ஒட்டுறதுக்கு வாங்கின காசோட வேல முடியலன்னும், அந்தப் பேர வெச்சு மைதானத்துல அவன என்ன பண்ண வைக்கப் போறன்னும் முதல் நாளே எழுதிக் குடுத்துடு, வெறும் பேரு மட்டும் ஒட்டினா டீம் தோத்தவுடனே அவன் பேரக் கழட்டிட்டுப் போயிடுவான். நீ அதெல்லாம் செஞ்சிருப்ப. உனக்குச் சொல்லணுமா, நம்ம குடும்பத்துல இந்த மாதிரி வேல பாக்கிற முதல் ஆளு நீதான், அத்தைகிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். ஒரு போன் பண்ண மட்டும் நேரம் இல்ல.

அடுத்த சீசனுக்குக் காட்ட இப்ப கையில ஒண்ணும் இல்லைன்னாலும் பயப்படாத. 1977ல ஸ்டார் வார்ஸ் படம் வந்தப்ப கென்னர்ங்கிற பொம்மைக் கம்பெனிக்கு அந்தப் படத்து பொம்மை கிறிஸ்துமஸுக்குள்ள தயாராகல, அட்டையையும் ஒரு சர்டிஃபிகேட்டையும் வெச்சு காலிப் பெட்டிய வித்தாங்க, அடுத்த வருஷ ஆரம்பத்துல நாலு பொம்மையும் வீடு தேடி வந்துச்சு. வெறும் பெட்டியும் விக்கும், சொன்னபடி குடுத்தா. ஜெயிப்போம்னு மட்டும் போடாத.

இத எழுத உக்காந்தது வேற ஒரு பக்கத்துக்காக. 1976ல ராபர்ட் சியால்டினின்னு ஒரு புரொபசர் அமெரிக்க காலேஜ் பசங்கள கவனிச்சிருக்காரு, அவங்க டீம் ஜெயிச்ச வாரம் காலேஜ் பேர் போட்ட சட்டைய நிறைய பேர் மாட்டிக்கிட்டு வர்றாங்களாம், ஜெயிச்சா "நாம ஜெயிச்சோம்", தோத்தா "அவங்க தோத்துட்டாங்க"ன்னு பேசறாங்களாம். ரசிகன்னா அப்படித்தான்னு ஓரத்துல பென்சில்ல நீ எழுதியிருக்க. அதுக்குக் கீழ சின்னதா "அப்பா".

ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தத் திருப்பவே இல்ல.

ஒன்பதாவதுல ரிலேல நீங்க முதல்ல வந்தப்ப தெரு முழுக்க "நாங்க ஜெயிச்சிட்டோம்"னு சொன்னேன். அடுத்த வருஷம் கட்டை கை நழுவினப்ப வண்டியில வரும்போது "நீ விட்டுட்ட"ன்னு சொன்னேன். ஒரே ஒரு வார்த்தைதான்னு நினைச்சிருந்தேன். நீ பின்னாடி உக்காந்து என் சட்டையப் பிடிக்காம சீட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு வந்த, அது எனக்கு அப்பவே தெரிஞ்சுது, தெரியாத மாதிரி ஓட்டிட்டு வந்தேன். அன்னிலேர்ந்து தோத்த சேதி எதையும் நீ என்கிட்ட சொன்னதில்ல. தப்பு என்னுதுதான்.

அலமாரியில உன் ஸ்பைக் ஷூவும் இருக்கு, இடது காலுக்கு லேஸ் இல்ல. அம்மா தூக்கிப் போடலாம்னு சொல்றா. வெச்சிருக்கவா வேணாமா, நீ சொன்னாத்தான் தெரியும். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் பரவால்ல, போனைத் தலைமாட்டுலதான் வெச்சிருக்கேன்.

அப்பா